கொழுப்பு ஒட்டு அறுவைக்குப் பின் வரும் அபூர்வச் சிக்கல்கள்: எப்போது, எதைச் சந்தேகிக்க வேண்டும்?

கேள்வியின் சாரம் இது. ஒரு பெண்ணுக்கு வயிற்றிலிருந்தும் தொடையிலிருந்தும் கொழுப்பை உறிஞ்சி எடுத்துப் பிட்டத்திலும், கொஞ்சம் மார்பகங்களிலும் ஏற்றியிருக்கிறார்கள். 5 வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. அதன் பிறகு பிட்டத்தில் செந்நீல நிறத்தில் நாலைந்து கட்டிகள் கிளம்பின. அவற்றில் ஒன்று உடைந்து நீர்த்த சீழ் கசிகிறது. காய்ச்சல் கிடையாது. இரண்டு சுற்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் பலனில்லை. சீழிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் ‘கிருமி வளர்ச்சி இல்லை’ என்று வந்திருக்கிறது. ‘ஒட்டாத கொழுப்பு கரைந்து வெளியேறுகிறது, தானாக ஆறிவிடும்’ என்கிறார் அறுவை செய்த மருத்துவர். இதற்கிடையில் இடது மார்பகத்திலும் ஒரு சின்ன உருண்டை தட்டுப்படுகிறது. இது உண்மையிலேயே கொழுப்பு கரைவதுதானா, வேறு என்னவெல்லாம் இருக்கலாம், மார்பகத்தில் இருப்பது புற்றுநோயாக இருக்குமா, பிற்பாடு மறுபடி கொழுப்பு வைத்துக்கொள்ளலாமா என்று அவருடைய அக்கா கேட்டிருக்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுவை முடிந்து சில வாரங்கள் கழித்துத் தோன்றி, வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாமல், சாதாரணக் கல்ச்சரிலும் எதுவும் வளராமல் கசிந்துகொண்டிருக்கும் கட்டி என்றால், வேறு ஏதோ என்று நிரூபணமாகும் வரை அதை மைக்கோபாக்டீரியத் தொற்றாகவே கருதிச் சோதிக்க வேண்டும். காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமிகள் இவை. ஆனால் காசநோய் வேறு, இது வேறு. ‘கிருமி வளர்ச்சி இல்லை’ என்ற அந்த ஒரு வரி உங்கள் தங்கைக்குத் தொற்று இல்லை என்று சொல்லவில்லை. அந்த ஆய்வகம் தேடிய கிருமிகள் அங்கே வளரவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்குக் கொழுப்பு எப்படிப் பிழைக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உறிஞ்சி எடுத்த கொழுப்புக்குச் சொந்தமாக இரத்த ஓட்டம் கிடையாது. முதல் சில நாட்கள் சுற்றியுள்ள திசுவிலிருந்து ஊறிவரும் ஆக்சிஜனையும் சத்தையும் வைத்துத்தான் அது உயிர் வாழ வேண்டும். ஒவ்வொரு துளியிலும் வெளி விளிம்பில், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடிமனுக்குள் இருக்கும் செல்களே நேரடியாகத் தப்பிக்கின்றன. அதற்கு உள்ளே இருப்பவை இறந்து, மூலச்செல்களிலிருந்து புதிதாக உருவாக வேண்டும். துளி பெரிதாக இருந்தால் நடுப்பகுதி மொத்தமாகச் செத்து எண்ணெயாகிவிடும். உடல் அந்த எண்ணெயைச் சுற்றி ஒரு உறை கட்டுகிறது. அதுதான் எண்ணெய்ப்பை. வைத்த கொழுப்பில் கணிசமான பங்கு இப்படிக் கரைந்துபோவது எதிர்பார்க்க வேண்டியதுதான். ஆகவே அறுவை மருத்துவர் சொல்வது பத்தில் பல தடவை உண்மையாகவே இருக்கும். அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. பழகிப்போன விளக்கம் ஒன்று கைவசம் இருக்கும்போது, பழகாத நோய் எளிதில் கண்ணில் படாது.

எண்ணெய்ப்பைக்கென்று ஒரு குணம் உண்டு. மெதுவாகத் தோன்றும். தோல் நிறம் மாறாது. தொட்டால் உருண்டையாக நழுவும். வலி இருந்தாலும் லேசாகத்தான் இருக்கும். அல்ட்ராசவுண்டில் மெல்லிய சுவருடன் தெளிவாகத் தெரியும். உள்ளே இரத்த ஓட்டம் இருக்காது. ஊசியால் உறிஞ்சினால் மஞ்சள் எண்ணெய் வரும். செந்நீலம் பாரித்த தோல், ஒரே சமயத்தில் பல கட்டிகள், திரும்பத் திரும்பத் திறந்து மூடும் துவாரம் ஆகியவை அந்தக் குணத்தில் சேராதவை.

எந்தச் சிக்கலாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது, அறுவை முடிந்து எத்தனையாவது மணியில், எத்தனையாவது நாளில், எத்தனையாவது வாரத்தில் தொடங்கியது என்பதைத்தான். எந்த ஸ்கேனையும் விட மலிவான சோதனை அது. அதற்குப் பிறகே எங்கே வைத்தார்கள், எவ்வளவு வைத்தார்கள், எந்த அடுக்கில் வைத்தார்கள் என்ற கேள்விகள். உங்கள் தங்கை முதல் கட்டங்களைத் தாண்டிவிட்டார். இருந்தாலும் இதே அறுவை செய்துகொண்ட மற்றவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அவற்றையும் சொல்கிறேன்.

முதல் சில நிமிடங்களிலும் மணிகளிலும் வருபவையே உயிரைப் பறிப்பவை. பிட்டத்தில் கொழுப்பு ஏற்றும்போது கேனுலா என்ற உலோகக் குழல் தசைக்குள் ஆழமாகப் போய்விட்டால், அங்கே ஓடும் பெரிய சிரைகள் கிழிந்து கொழுப்பு கட்டியாக இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போய்விடலாம். அறுவை மேசையிலேயோ, கண்விழிக்கும் அறையிலேயோ இரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் திடீரென்று சரியும். வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவின் அளவு சட்டென்று விழும். இந்த மரணங்கள் பெருகியதால் பல நாட்டு பிளாஸ்டிக் சர்ஜரி சங்கங்கள் கூடி ஒரு பணிக்குழு அமைத்தன. தசைக்குள் கொழுப்பு வைக்கக் கூடாது, தோலடிக் கொழுப்பு அடுக்கில் மட்டுமே வைக்க வேண்டும் என்று 2018-ல் அது எச்சரித்தது. அதுவரை பார்த்த பிரேதப் பரிசோதனைகளில் இறந்தவர்களின் பிட்டத் தசைக்குள் கொழுப்பு இருந்தது என்பதே அந்த எச்சரிக்கைக்கு அடிப்படை. அறுவைக் குறிப்பில் ‘எந்த அடுக்கில்’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

முகத்தில் ஆபத்து வேறு திசையில் போகிறது. புருவமத்தி, மூக்கு, நெற்றி, நெற்றிப்பொட்டு ஆகிய இடங்களில் உள்ள தமனிகளுக்குக் கண்ணுக்குச் செல்லும் தமனியோடு தொடர்பு உண்டு. ஊசியின் அழுத்தம் இரத்த அழுத்தத்தை மிஞ்சினால் கொழுப்பு பின்னோக்கி ஓடிக் கண்ணின் தமனியை அடைத்துவிடும். அழுத்தம் குறைந்ததும் அதே கொழுப்பு முன்னோக்கிப் பாய்ந்து மூளைக்கும் போகலாம். ஊசி போட்டவுடனே கண்ணில் கடும் வலி, பார்வை இருளுதல், இமை தொங்குதல், ஒரு பக்கக் கை கால் பலவீனம், வார்த்தை குழறுதல், தோலில் வலைப்பின்னல் போன்ற நீலத் திட்டு என்று எது வந்தாலும் அது அவசரம். விழித்திரை ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இரத்தமில்லாமல் தாங்காது. முகத்தை நிரப்ப ஊசியில் போடும் ஹையலூரானிக் அமில ஃபில்லர் என்றால் கரைக்க ஒரு நொதியாவது இருக்கிறது. கொழுப்பைக் கரைக்க அப்படி எதுவும் இல்லை. மயக்க மருந்தின் கலக்கம் என்று எண்ணி, முழுதாக விழிக்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பதுதான் இங்கே நடக்கும் பெரும் தவறு. விழித்ததும் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடி, விரலை எண்ணச் சொல்லிப் பார்ப்பதற்கு அரை நிமிடம் கூட ஆகாது. பலவீனமோ குழறலோ இருந்தால் மூளைக்கு டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. உடனே எடுக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகு அன்றிரவு வரும் சிக்கலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கொழுப்பை உறிஞ்சுவதற்கு முன் லிட்டர் கணக்கில் ஏற்றும் கரைசலில் லிடோகெய்ன் என்ற, அந்த இடத்தை மரக்கச் செய்யும் மருந்து கலந்திருக்கும். கொழுப்பிலிருந்து அது மெதுவாக இரத்தத்தில் சேர்வதால் உச்ச அளவை எட்டவே ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகலாம். அதாவது மருத்துவமனையில் எல்லாம் சரியாக இருந்தவருக்கு நள்ளிரவில் வாயைச் சுற்றி மரத்துப்போவது, காதில் இரைச்சல், நாக்கில் உலோகச் சுவை, உளறல், தசைத் துடிப்பு, கடைசியில் வலிப்பு வரை வரலாம். பயம், பதற்றம் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. இதற்குக் கொழுப்புக் குழம்புக் கரைசலைச் சிரை வழியாகச் செலுத்தும் சிகிச்சை உண்டு. அவசரப் பிரிவுக்குப் போனதும் எத்தனை மில்லிகிராம் லிடோகெய்ன் போட்டார்கள் என்பதைச் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

மார்பகத்தில் வைத்தவருக்கு மூச்சு இழுக்கும்போது ஒரு பக்கம் குத்தினால் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அபூர்வமாக ஊசியோ கேனுலாவோ நுரையீரல் உறையைத் துளைத்துக் காற்று கசிய விட்டிருக்கும். வயிற்றில் கொழுப்பு எடுத்தவருக்கு வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடினால், வயிறு விறைத்தால், சி.டி. எடுக்க வேண்டும். குடல் துளைபட்டிருப்பதை ‘உறிஞ்சிய இடத்து வலி’ என்று எண்ணித் தாமதித்து உயிரிழந்தவர்கள் உண்டு. பழைய அறுவைத் தழும்போ குடலிறக்கமோ உள்ளவர்களிடம் இந்தச் சந்தேகம் இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும்.

முதல் மூன்று நாட்களுக்குள் மூச்சுத்திணறல் வந்தால் எல்லாரும் இரத்தக்கட்டியைத்தான் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும். ஆனால் சி.டி. ஆஞ்சியோவில் இரத்தக்கட்டி இல்லை என்று வந்ததும் நிம்மதியாகி வீட்டுக்கு அனுப்புவது தவறு. நுண்கொழுப்புத் துளிகள் நுரையீரலையும் மூளையையும் தாக்கும் கொழுப்பு எம்போலிசத்தில் பெரிய குழாய்கள் எல்லாம் திறந்தே இருக்கும். நுரையீரலில் இரு பக்கமும் மங்கலான வெண்திட்டுகள் மட்டும் தெரியும். ஆக்சிஜன் குறைவு, காரணமில்லாத குழப்பம், இவற்றோடு அக்குளிலோ கழுத்திலோ இமையின் உட்புறத்திலோ ஊசி முனை அளவுக்குச் செந்நிறப் புள்ளிகள் இருந்தால் அதுதான். அந்தப் புள்ளிகள் எல்லாருக்கும் வருவதில்லை. வந்தாலும் ஓரிரு நாளில் மறைந்துவிடும். சட்டையை விலக்கி, நல்ல வெளிச்சத்தில் அக்குளைப் பார்க்காதவர்களுக்கு அவை தெரியவே தெரியாது. இரத்தக்கட்டியைத் தேடச் செய்யும் டி-டைமர் இரத்தச் சோதனை இங்கே உதவாது. எந்த அறுவைக்குப் பிறகும் அது கூடியே இருக்கும்.

இனி உங்கள் தங்கைக்கு வருகிறேன்.

மைக்கோபாக்டீரியம் அப்சசஸ், ஃபோர்ச்சுயிட்டம், கெலோனே என்ற மூன்றும் மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழ்பவை. சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு எளிதில் சாகாதவை. கேனுலாவின் உட்குழலைக் குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டு, சரியாக ஸ்டெரிலைஸ் செய்யாமல் பயன்படுத்தினாலே போதும். இரத்த ஓட்டமில்லாத கொழுப்புத் துளிகள் இந்தக் கிருமிகளுக்கு நல்ல வாழிடம். மருந்தும் அங்கே சரியாகச் சென்று சேராது. தொற்றியதும் எதுவும் தெரியாது. சில வாரங்களோ சில மாதங்களோ கழித்துத்தான் தலைகாட்டும். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. வெள்ளையணு எண்ணிக்கை இயல்பாகவே இருக்கலாம். கொழுப்பு எடுத்த இடத்திலும் வைத்த இடத்திலும் கேனுலா போன பாதை நெடுகிலும் கட்டிகள் வரிசை கட்டுவது ஒரு முக்கியமான தடயம். தங்கையின் வயிற்றிலும் தொடையிலும் உள்ள சிறு துளைத் தழும்புகளைத் தடவிப் பாருங்கள். அங்கேயும் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் சந்தேகம் வலுக்கிறது. 2003, 2004 ஆண்டுகளில் டொமினிகன் குடியரசில் அழகு அறுவை செய்துகொண்டு அமெரிக்கா திரும்பிய பெண்கள் பலருக்கு அப்சசஸ் தொற்று வந்தது. ஊர் திரும்பி வாரக்கணக்கில் ஆன பிறகு அறிகுறி தோன்றும் நோய் என்பதால், அறுவை செய்தவரின் கண்ணுக்கு அது படுவதே இல்லை.

கல்ச்சர் ஏன் ஏமாற்றியது? வழக்கமான சீழ்க் கல்ச்சரை ஆய்வகம் இரண்டு மூன்று நாட்களில் முடித்து ரிப்போர்ட் கொடுத்துவிடும். இந்தக் கிருமிகள் ‘வேகமாக வளர்பவை’ என்று பெயர் வாங்கியவைதான். ஆனால் அந்த வேகம் காசநோய்க் கிருமியோடு ஒப்பிட்டுச் சொல்வது. அவை கண்ணுக்குத் தெரிய ஒரு வாரம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். அதனால் மைக்கோபாக்டீரியத்துக்கான தனி ஊடகத்தில் போட்டு 6 முதல் 8 வாரம் வரை வைத்திருந்து பார்ப்பதுதான் முறை. கெலோனே போன்றவை 37 டிகிரியை விட 30 டிகிரியில் நன்றாக வளரும். தோலிலிருந்து எடுத்த மாதிரி என்று ஆய்வகத்துக்குத் தெரிந்தால்தான் இரண்டு வெப்பநிலையிலும் வைப்பார்கள். இதை மருத்துவர் படிவத்தில் எழுதவில்லை என்றால் யாரும் செய்ய மாட்டார்கள்.

மாதிரி எடுக்கும் விதம் எல்லாவற்றையும் விட முக்கியம். கசியும் துவாரத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து அனுப்புவது கிட்டத்தட்ட வீண். மேலே இருக்கும் தோல் கிருமிகள்தான் வரும். இன்னும் உடையாத ஒரு கட்டியை அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே ஊசியால் உறிஞ்ச வேண்டும். அதன் சுவரிலிருந்தும் ஒரு துண்டு திசு எடுக்க வேண்டும். அந்தத் துண்டை அங்கேயே இரண்டாக வெட்ட வேண்டும். ஒரு பாதி ஃபார்மலினில் போட்டு பயாப்ஸிக்கு. மறு பாதி, ஃபார்மலின் ஒரு சொட்டுக்கூடப் படாமல், கிருமியற்ற புட்டியில் சில துளி சலைனோடு கல்ச்சருக்கு. முழுத் துண்டையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும். பிறகு எத்தனை வாரம் வைத்தாலும் ஒன்றும் வளராது. மயக்க மருந்து கொடுத்து, தழும்பு ஏற்படுத்தி எடுத்த திசு, புட்டி மாறியதால் பாழாவதைப் போல் மனம் நோகச் செய்வது வேறில்லை. அறைக்குள் போவதற்கு முன்பே ‘கல்ச்சருக்குத் தனிப் புட்டி இருக்கிறதா?’ என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். உடல்நிலை இடம் கொடுத்தால், மாதிரி எடுப்பதற்கு முன் சில நாட்கள் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தி வைக்கலாமா என்பதையும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அரைகுறையாக அடங்கிய கிருமி கல்ச்சரில் வளரத் தயங்கும்.

ரிப்போர்ட்டைப் படிப்பதிலும் இரண்டு குழிகள் உண்டு. பயாப்ஸியில் ‘கிரானுலோமா’ (அழற்சிச் செல்கள் திரண்ட சிறு முடிச்சு) என்று வந்ததும் காசநோய் மருந்துகளைத் தொடங்கிவிடுவது முதல் குழி. ஐசோநயாசிட், பைராசினமைடு போன்றவை அப்சசஸ் கிருமியிடம் எடுபடாது. மாதக்கணக்கில் மாத்திரை தின்று கல்லீரல்தான் நோகும். காசநோய்க்கான மரபணுச் சோதனையில் ‘இல்லை’ என்று வருவதை வைத்து ‘மைக்கோபாக்டீரியமே இல்லை’ என்று முடிவு கட்டுவது இரண்டாவது குழி. அந்தச் சோதனை காசநோய்க் கிருமியை மட்டும்தான் தேடும். கிருமி எந்த இனம் என்று துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். மருந்து அதைப் பொறுத்தது. அப்சசஸில் சில வகைகள் கிளாரித்ரோமைசினுக்கு முதல் சில நாட்கள் அடங்குவதுபோலக் காட்டி, மருந்து பட்டபின் எதிர்ப்பைக் கிளப்பிக்கொள்ளும். ஆகவே அந்த மருந்துச் சோதனையை 14 நாள் வரை வைத்திருந்து படிக்க வேண்டும். சிகிச்சை என்பது கட்டிகளை அறுத்துச் சுத்தம் செய்வதும், ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைக் குறைந்தது 4 மாதம் கொடுப்பதும் சேர்ந்ததுதான். இதைத் தொற்றுநோய் நிபுணர் ஒருவர் பொறுப்பேற்று நடத்த வேண்டும்.

இப்போது இதற்கு நேர் எதிரான ஒரு நோயைச் சொல்லியாக வேண்டும். பயோடெர்மா கேங்கிரனோசம் என்று பெயர். தொற்றே கிடையாது, உடலின் எதிர்ப்பாற்றல் தோலையே தின்னும் நோய். ஊசி குத்திய, கத்தி பட்ட இடத்தில் கிளம்பும். புண்ணின் விளிம்பு ஊதா நிறத்தில் உட்குடைந்து இருக்கும். வலி தாங்க முடியாது. காய்ச்சலும் வெள்ளையணு உயர்வும் இருப்பதால் பார்ப்பவர்கள் திசுவை அழுகச் செய்யும் கடும் தொற்று என்று நினைத்து அறுத்துச் சுத்தம் செய்வார்கள். அறுக்க அறுக்கப் புண் பெரிதாகும். கல்ச்சரில் எதுவும் வளராது. எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்காது. மார்பகத்தில் வந்தால் இரு பக்கமும் ஒரே மாதிரி வந்து முலைக்காம்பை மட்டும் விட்டுவைப்பது அதன் கைரேகை. குடல் அழற்சி நோய், முடக்குவாதம், சில இரத்த நோய்கள் உள்ளவர்களிடம் அதிகம். ஸ்டீராய்டு கொடுத்தால் சில நாட்களிலேயே வலி குறையும். ஆனால் அதே ஸ்டீராய்டை மைக்கோபாக்டீரியத் தொற்று உள்ளவருக்குக் கொடுத்தால் நோய் பரவும். ஒன்றின் மருந்து மற்றதற்கு விஷம். உங்கள் தங்கையின் விவரத்தில் வலி பெரிதாகச் சொல்லப்படவில்லை, கட்டியாகத் தொடங்கியிருக்கிறது, வாரங்கள் கழித்து வந்திருக்கிறது என்பவை இதற்கு எதிராகப் பேசுகின்றன. இருந்தாலும் புண்ணின் விளிம்பிலிருந்து பயாப்ஸி எடுத்து, மைக்கோபாக்டீரியம் இல்லை என்று பார்க்காமல் யாரும் ஸ்டீராய்டு தொடங்க இடம் கொடுக்காதீர்கள்.

திசு அழுகும் கடும் தொற்று என்று சொன்னேனே, அது முதல் சில நாட்களுக்கு உரியது. தோலில் தெரிவதை விட வலி பல மடங்கு, மணிக்கு மணி பரவும் சிவப்பு, கொப்புளம், அழுத்தினால் நறநறப்பு, நாடி எகிறுதல் என்று இருந்தால் ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. திறந்து பார்ப்பதே சோதனை, அதுவே சிகிச்சை.

கேட்கச் சங்கடமான கேள்வி ஒன்றையும் கேட்டாக வேண்டும். வைத்தது கொழுப்பு மட்டும்தானா? இதற்கு முன் எப்போதாவது, எங்கேயாவது பிட்டத்திலோ மார்பகத்திலோ ஊசி போட்டுக்கொண்டதுண்டா? திரவ சிலிக்கான், பாரஃபின் எண்ணெய், பாலிஅக்ரிலமைடு ஜெல் ஆகியவை ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருந்துவிட்டு, புதிதாக ஒரு கேனுலா உள்ளே போனதும் கிளர்ந்தெழும். சிலிக்கான் இருந்தால் அல்ட்ராசவுண்டில் பின்னால் உள்ள எதுவும் தெரியாதபடி வெண்மூட்டமாகப் படம் மறையும். கொழுப்பையும் சிலிக்கானையும் எம்.ஆர்.ஐ. பிரித்துக் காட்டும். பயாப்ஸியில் வெவ்வேறு அளவில் வெற்றிடங்களும் அவற்றைச் சுற்றி அந்நியப்பொருள் செல்களும் தெரியும். இப்படிப்பட்ட கிரானுலோமா பெரிய அளவில் இருந்தால் வைட்டமின் டி-யின் செயலூக்கமுள்ள வடிவத்தைத் தானே சுரந்து இரத்தக் கால்சியத்தை ஏற்றிவிடும். தீராத தாகம், மலச்சிக்கல், சோர்வு, சிறுநீரகக் கல் என்று வருபவரிடம் பிட்டத்து ஊசியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கால்சியம் அளவு பார்ப்பது ஒரு சாதாரண இரத்தச் சோதனை. தங்கையிடம் இதைக் கேட்கும்போது தனியாக, குற்றம் சொல்லும் தொனி இல்லாமல் கேளுங்கள். வெட்கப்பட்டு மறைப்பவர்கள் நிறைய.

மார்பக உருண்டைக்கு வருவோம். இந்தப் பயம் புதிதல்ல. கொழுப்பு ஒட்டு 1893-ல் குஸ்டாவ் நாய்பர் என்ற ஜெர்மானிய மருத்துவர் காலத்திலிருந்தே இருக்கிறது. மார்பகத்தில் அதை வைக்கக் கூடாது என்று அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்களின் சங்கம் 1987-ல் சொன்னதற்குக் காரணமே, செத்த கொழுப்பில் படியும் சுண்ணாம்பு புற்றுநோயை மறைத்துவிடும் அல்லது புற்றுநோய் போலத் தோன்றும் என்ற அச்சம்தான். மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயின் தரமும் அதைப் படிக்கும் அனுபவமும் வளர்ந்த பிறகு 2009-ல் அந்த நிலைப்பாடு தளர்ந்தது. மையம் கறுப்பாகவும் சுற்றிலும் முட்டை ஓடு போல மெல்லிய சுண்ணாம்பு விளிம்போடும் தெரிந்தால் அது எண்ணெய்ப்பை, பயாப்ஸி தேவையில்லை. எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பின் சிக்னலை அடக்கிப் படமெடுக்கும்போது உருண்டையின் நடுப்பகுதியும் சேர்ந்து அடங்கினால் உள்ளே இருப்பது கொழுப்புதான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஒழுங்கற்ற விளிம்போடு தழும்பு சுருங்கிய நிலையிலும், தூள் தூளான சுண்ணாம்புக் கொத்துகளிலும். அங்கே படத்தை வைத்து வாதாட வேண்டாம். பருத்த ஊசி பயாப்ஸி எடுத்துவிடுவதே நேர்வழி. ‘கொழுப்பு வைத்தவர்தானே, அதுவாகத்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுவதற்கு நான் உடன்பட மாட்டேன். கொழுப்பு வைத்தவருக்கும் மற்றவர்களைப் போலவே புற்றுநோய் வரலாம்.

தங்கைக்கு இப்போது வேண்டியது மார்பக அல்ட்ராசவுண்ட். 40-ஐ ஒட்டிய வயது அல்லது குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய் இருந்தால் மேமோகிராமும் சேர்த்து. அறுவைக்கு முன் எடுத்த படம் இருந்தால் அதையும் கொண்டுபோக வேண்டும். பழைய படத்தோடு ஒப்பிடும்போது கிடைக்கும் தெளிவு வேறு எதிலும் கிடைக்காது. படம் படிக்கும் மருத்துவரிடம் கொழுப்பு வைத்த தேதியையும் அளவையும் சொல்லாமல் விடக் கூடாது. பிட்டத்தில் மைக்கோபாக்டீரியம் உறுதியானால் மார்பக உருண்டையையும் அதே கண்ணோடு பார்த்து உறிஞ்சி அனுப்ப வேண்டும். கேனுலா ஒன்றாகத்தானே இருந்திருக்கும்.

நெடுநாள் கழித்து வருபவை பல தீங்கற்றவை. உடல் எடை கூடினால், வயிற்றிலிருந்து போன கொழுப்பு வைத்த இடத்திலும் வயிற்றுக் கொழுப்பாகவே நடந்துகொண்டு பருக்கும். முகத்தில் திடீரென்று ஒரு பக்கம் உப்பியதாக வருபவரிடம் முதலில் எடையைப் பார்க்க வேண்டும். நெற்றிப்பொட்டில் துடிக்கும் கட்டி என்றால் மட்டும் ஊசி குத்தும் முன் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். தமனி சேதமாகி உண்டான இரத்தப் பையாக இருக்கலாம்.

ஆக, இந்த வாரம் செய்ய வேண்டியவை. அறுவை நடந்த இடத்திலிருந்து அறுவைக் குறிப்பின் நகலை வாங்குங்கள். எடுத்த இடங்கள், வைத்த இடங்கள், அளவு, அடுக்கு, லிடோகெய்ன் அளவு, கருவிகளை ஸ்டெரிலைஸ் செய்த முறை எல்லாம் அதில் இருக்க வேண்டும். அங்கே அதே நாட்களில் அறுவை செய்துகொண்ட வேறு யாருக்காவது இதுபோலக் கட்டி வந்ததா என்றும் கேளுங்கள். ஒருவருக்கு மேல் இருந்தால் பொது சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய விஷயம் அது. கட்டிகளை நாள்தோறும் ஒரே கோணத்தில், பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுத்து வையுங்கள். வேறு ஒரு பிளாஸ்டிக் சர்ஜனையும் தொற்றுநோய் நிபுணரையும் சேர்ந்தாற்போல் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். அறுவை செய்தவரோடு சண்டை வேண்டாம். அவரிடம் இருக்கும் தகவல் உங்களுக்குத் தேவை. கட்டிகளை வீட்டில் பிதுக்க வேண்டாம், மசாஜ் செய்ய வேண்டாம். மூன்றாவது சுற்று ஆன்டிபயாட்டிக் என்று யாராவது எழுதினால், மாதிரி எடுத்த பிறகே தொடங்குவோம் என்று பணிவாகவும் உறுதியாகவும் சொல்லுங்கள். திடீரென்று கடும் காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, மூச்சுத்திணறல், தலைசுற்றல் வந்தால் மட்டும் எதற்கும் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மறுபடி கொழுப்பு வைக்கலாமா என்ற கேள்விக்கு, இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். தொற்று உறுதியானால் மருந்து முடிந்து, பல மாதங்கள் புதுக் கட்டி எதுவும் கிளம்பாமல், எம்.ஆர்.ஐ.யிலும் சுத்தமாக இருப்பது தெரிந்த பிறகே அதைப் பேச வேண்டும். அறுத்துச் சுத்தம் செய்ததால் விழும் பள்ளத்தை நிரப்ப அப்போது கொழுப்பே நல்ல பொருளாகவும் இருக்கலாம். அந்தச் சமயத்தில் மருத்துவரிடம் கேட்க வேண்டியது, கேனுலாவின் உட்குழலை எப்படிக் கழுவுகிறீர்கள், எதில் ஸ்டெரிலைஸ் செய்கிறீர்கள் என்பது.